மூடி வைத்த லேப்டாப்பில் சார்ஜ் இறங்குகிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்

ராத்திரி எண்பது சதவீதத்தில் மூடி வைத்த லேப்டாப், காலையில் திறந்தால் ஐம்பதில் நிற்கிறது. அல்லது பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வெளியே எடுத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, உள்ளே ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே "பேட்டரி போச்சு" என்று முடிவு கட்டி, சில ஆயிரங்களைக் கொடுத்துப் புது பேட்டரி மாட்டி, அடுத்த வாரமே அதே கதை தொடர்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பேட்டரி மேல் குற்றமே இருக்காது. ஸ்லீப்பில் போட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற லேப்டாப் உள்ளுக்குள் விழித்துக்கொண்டிருக்கிறது. எது அதைத் தூங்கவிடவில்லை என்று கண்டுபிடிக்க விண்டோஸிலேயே நல்ல கருவிகள் இருக்கின்றன. பேட்டரி சேவர், பூஸ்டர் என்ற பெயரில் கிடைக்கும் எந்த ஆப்பையும் தயவுசெய்து இறக்காதீர்கள், அவையே பின்னணியில் ஓடிச் சார்ஜைத் தின்னும்.

கீழே சொல்வதெல்லாம் முக்கியமாக விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு. மேக், லினக்ஸ் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள்

வீடியோவில் பார்த்த பத்து செட்டிங்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, சரியாகவில்லை என்றால் எதைத் திருப்பி மாற்றுவது என்றும் தெரியாது. அதனால் முதலில் மூன்று ராத்திரி ஒதுக்குங்கள். முதல் ராத்திரி சார்ஜரைக் கழற்றி, சதவீதத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஸ்லீப்பில் போட்டு மூடுங்கள். காலையில் திறந்ததும் சதவீதத்தையும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டாம் ராத்திரி அதே மாதிரி, ஆனால் மூடும் முன் ஏரோபிளேன் மோடை ஆன் செய்துவிட்டு. மூன்றாம் ராத்திரி முழுசாக ஷட்டவுன் செய்துவிட்டு.

முழுசாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதி ஹைபர்னேட் (ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) மாதிரிதான் அணையும். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட்டவுனை க்ளிக் செய்தால் உண்மையான ஷட்டவுன் நடக்கும். சோதனைக்கு அது வேண்டும்.

இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாதாரண ஸ்லீப்பில் இறங்கி, ஏரோபிளேன் மோடில் போட்ட ராத்திரி சார்ஜ் நின்றிருந்தால் வைஃபை, ப்ளூடூத் பக்கம்தான் பிரச்சினை. ஸ்லீப், ஏரோபிளேன் இரண்டிலும் ஒரே அளவு இறங்கி, ஷட்டவுனில் மட்டும் இறங்கவில்லை என்றால் ஏதோ ஒரு டிரைவரோ (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்), செருகி வைத்த பொருளோ, ப்ரோகிராமோ தூங்கவிடவில்லை. ஷட்டவுனிலும் இறங்குகிறது என்றால் விண்டோஸ் செட்டிங்கில் தேடிப் பயனே இல்லை, அதற்கான வழி வேறு, பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு இறங்கினால் கவலைப்பட வேண்டும்? சாதாரண லேப்டாப் பேட்டரி ஒன்று 50 வாட்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் 16 சதவீதம் இறங்கினால் 8 வாட்-அவர் போயிருக்கிறது, அதாவது சராசரியாக ஒரு வாட். தூங்குகிற லேப்டாப்புக்கு ஒரு வாட் ரொம்ப அதிகம். அதே எட்டு மணி நேரத்தில் ஐந்து சதவீதம் இறங்கினால் கிட்டத்தட்ட 0.3 வாட், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ராமை (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சம் மின்சாரம் தேவைதான். பத்து சதவீதத்தைத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது எந்த ஸ்லீப்?

இது தெரியாமல் எந்தச் செட்டிங்கைத் தொட்டாலும் இருட்டில் துழாவுவதுதான். லேப்டாப்பில் இரண்டு விதமான ஸ்லீப் இருக்கிறது. பழையது எஸ்3. அதில் ப்ராசஸர், டிஸ்க், வைஃபை எல்லாம் அணைந்துவிடும், ராமுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். புதியது எஸ்0 லோ பவர் ஐடில், மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் மாடர்ன் ஸ்டாண்ட்பை. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று தொடங்கி, 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது இந்தப் பெயருக்கு மாறியது. போன் திரை அணைந்த பிறகும் மெசேஜ் வருகிறதல்லவா, லேப்டாப்பும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. திரை அணையும், ஆனால் சிஸ்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வேலை இல்லாதபோது ஒவ்வொரு பாகமும் தன்னைத்தானே மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பாகமும் ஒழுங்காக இறங்கினால் அருமையாக வேலை செய்யும். ஒரே ஒரு டிரைவர் மட்டும் இறங்க மறுத்தாலும் மொத்தச் சிஸ்டமும் அதற்காக விழித்துக்கொண்டு நிற்கும். சார்ஜ் வடிவதும் பை சுடுவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

உங்களிடம் எது இருக்கிறது என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, கமாண்ட் ப்ராம்ப்ட் மேல் ரைட் க்ளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புப் பெட்டி திறக்கும். கமாண்டை போனில் சொல்வது மாதிரி சொல்கிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி ஒரே சொல்லாக, பிறகு ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், அந்த ஸ்லாஷை ஒட்டி ஏ. என்டர். இனி இதை பவர்சிஎஃப்ஜி என்றே குறிப்பிடுகிறேன், இந்தக் கட்டுரையில் பாதி வேலையைச் செய்யப்போவது இந்த ஒரு கமாண்ட்தான்.

மேலே கிடைக்கக்கூடிய ஸ்லீப் வகைகளின் பட்டியல் வரும், கீழே கிடைக்காதவற்றின் பட்டியல் காரணத்தோடு வரும். மேல் பட்டியலில் 'ஸ்டாண்ட்பை எஸ்3' என்று இருந்தால் பழைய வகை. 'ஸ்டாண்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில்' என்று இருந்தால் புதிய வகை, அதன் பக்கத்திலேயே 'நெட்வொர்க் கனெக்டட்' அல்லது 'டிஸ்கனெக்டட்' என்றும் போட்டிருக்கும், மூடிய பிறகு வைஃபை தொடர்பு வைத்திருக்குமா இல்லையா என்பதை அது சொல்கிறது. கீழ்ப் பட்டியலில் எஸ்3க்கு நேரே 'சிஸ்டம் ஃபர்ம்வேர் (லேப்டாப்புக்குள்ளேயே கம்பெனி பதித்து வைத்த மென்பொருள்) ஆதரிக்கவில்லை' என்ற பொருளில் வரி இருந்தால், தயாரித்த கம்பெனியே அந்த வழியை அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை என்றால்: ஸ்லீப் ஸ்டடி அறிக்கை

அதே கறுப்புப் பெட்டியில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், அதோடு ஸ்லீப்ஸ்டடி என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை ஃபைல் உருவாகும், எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் கீழே வரும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்ததால் பெரும்பாலும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32க்குள் போய் உட்கார்ந்திருக்கும். பலர் இங்கேதான் "ஃபைலைக் காணோம்" என்று விட்டுவிடுகிறார்கள். அதை டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து பிரவுசரில் திறங்கள். கடந்த மூன்று நாள் விவரம் இருக்கும், கூடுதல் நாள் வேண்டுமென்றால் ட்யூரேஷன் என்ற சொல்லையும் நாள் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்து 28 நாள் வரை போகலாம்.

அறிக்கையின் மேல் பகுதியில் இருக்கும் வரைபடத்தில் பேட்டரி எப்போது எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்லீப்பும் ஒரு வரிசை: தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு சார்ஜ் போனது, குறைந்த மின் நிலையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது. இந்தக் கடைசி விஷயம்தான் தங்கம். அதில் இரண்டு எண் இருக்கும், எஸ்டபிள்யூ என்று ஒன்று, எச்டபிள்யூ என்று ஒன்று. மென்பொருள் அமைதியாக இருந்த நேரம் முதலாவது. சில்லு உண்மையிலேயே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போன நேரம் இரண்டாவது. இரண்டும் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் அந்த ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கிறது. மென்பொருள் எண் தொண்ணூற்றெட்டு, வன்பொருள் எண் பூஜ்யம் என்று இருந்தால் ஆப்களை மூடி மூடிப் பார்ப்பது வீண், ஏதோ ஒரு பாகமோ அதன் டிரைவரோ பயாஸோ (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) வழிமறிக்கிறது. இரண்டுமே குறைவு என்றால் ஏதோ ப்ரோகிராமோ சர்வீஸோ வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஒரு வரிசையை க்ளிக் செய்தால் கீழே அந்த ஸ்லீப்பின் விவரம் விரியும், அதில் டாப் அஃபெண்டர்ஸ் என்ற பட்டியல் இருக்கும். அதிக நேரம் விழித்திருந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அது. என் அத்தை மகளின் லேப்டாப்பில் இந்தப் பட்டியலின் முதல் வரியில் கார்டு ரீடரின் பெயர் இருந்தது, ஸ்லீப் நேரத்தில் கிட்டத்தட்ட முழுவதும் அது விழித்திருந்ததாகப் போட்டிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் எப்போதோ போட்டோ காப்பி செய்யச் செருகிய மெமரி கார்டு அப்படியே இருக்கிறது, உடம்போடு ஒட்டி உள்ளே போயிருந்ததால் வெளியே தெரியவே இல்லை. கார்டை எடுத்தோம், அன்று ராத்திரியே வன்பொருள் எண் மேலே ஏறியது. எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது, ஆனால் செருகி வைத்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி பார்ப்பதற்கு ஒன்றும் செலவில்லை. யூஎஸ்பி ஹப், எக்ஸ்டர்னல் டிஸ்க், டைப்-சி டாக், மௌஸ் டாங்கிள், எல்லாமே.

பட்டியலில் வைஃபை கார்டின் பெயரோ ஆடியோ சில்லின் பெயரோ இருந்தால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அங்கிருந்து மட்டும் எடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் வேண்டாம். சிப்செட் டிரைவர், வைஃபை டிரைவர், பயாஸ் மூன்றும் முக்கியம், இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் போட்டு இடையில் ஒரு ராத்திரி அளந்து பாருங்கள். பயாஸ் அப்டேட்டுக்கு சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனாலும் அணையக் கூடாது. ஸ்லீப் கோளாறுகளைச் சரிசெய்யும் திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டில் வருவது சகஜம், அப்டேட் குறிப்பில் ஸ்டாண்ட்பை, பவர் என்ற சொற்கள் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஏரோபிளேன் மோடில் போட்ட ராத்திரி உங்களுக்குச் சார்ஜ் நின்றதா? அப்படியென்றால் நெட்வொர்க்தான். வைஃபை டிரைவரை மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஸ்லீப்பின்போது நெட் தொடர்பையே வெட்டிவிடலாம். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், பவர் மேனேஜ்மென்ட், ஸ்லீப் செட்டிங்ஸ் என்று இறங்கிப் போனால் கனெக்டட் ஸ்டாண்ட்பையின்போது நெட்வொர்க்கை அனுமதிப்பது பற்றி இரண்டு வரிகள் இருக்கும், 'ஆன் பேட்டரி' என்று முடிகிற வரியை டிஸேபிள் செய்யுங்கள். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது, அவர்களுக்கு மூடும் முன் ஏரோபிளேன் மோடைத் தட்டுவதுதான் எளிய வழி.

அப்புறம் ஒரு சின்னப் பழக்கம். சார்ஜரில் இருக்கும்போது நெட் தொடர்போடு விழித்திருக்க மாடர்ன் ஸ்டாண்ட்பைக்குத் தாராளமான அனுமதி உண்டு. அந்த நிலையில் மூடிவிட்டு, மூடிய பிறகு சார்ஜரைப் பிடுங்கிப் பைக்குள் போடுவதைத்தான் நாம் எல்லாரும் செய்கிறோம். சார்ஜரை முதலில் கழற்றி, பேட்டரிக்கு மாறியது என்று தெரிந்த பிறகு மூடுங்கள். சில லேப்டாப்களில் இது மட்டுமே பெரிய வித்தியாசம் காட்டும்.

எஸ்3 என்றால்: யார் எழுப்பினார்கள் என்று பாருங்கள்

பழைய வகை ஸ்லீப் தானாகச் சார்ஜைக் குடிக்காது, யாராவது எழுப்பினால்தான் கேடு. பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், லாஸ்ட்வேக் என்று அடித்தால் கடைசியாக எழுப்பியது எது என்று வரும். அதே மாதிரி வேக்டைமர்ஸ் என்று கொடுத்தால் இனிமேல் எழுப்பக் காத்திருக்கும் அலாரங்கள் வரும். டிவைஸ்க்வெரி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு வேக், அண்டர்ஸ்கோர், ஆர்ம்ட் என்று சேர்த்தால் எழுப்பும் உரிமை உள்ள சாதனங்கள் வரும். பெரும்பாலும் மௌஸ், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு மூன்றும் இருக்கும். இவை தவிர, ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் பவர்-ட்ரபுள்ஷூட்டர் என்ற மூலத்திலிருந்து வந்த, எண் 1 கொண்ட பதிவுகளைப் பாருங்கள், எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எதனால் எழுந்தது என்று வரிசையாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு என்று எழுந்த பதிவு இருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அடிக்கடி மாட்டுவது வயர்லெஸ் மௌஸ். டாங்கிள் லேப்டாப்பில் செருகியபடி இருக்கும், மௌஸ் அணைக்காமல் அதே பையில் கிடக்கும், பஸ் குலுங்கும்போதெல்லாம் மௌஸ் அசையும், ஒவ்வொரு அசைவுக்கும் லேப்டாப் எழுந்து பார்க்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த மௌஸின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட் டேபில் 'அலோ திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்' என்பதிலிருக்கும் டிக்கை எடுங்கள். நெட்வொர்க் கார்டுக்கும் அதையே செய்யுங்கள், தொலைவிலிருந்து லேப்டாப்பை எழுப்பும் வேலை வீட்டில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. கீபோர்டை மட்டும் விட்டுவிடலாம்.

அலாரங்களுக்கு: கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், உங்கள் ப்ளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஸ்லீப், அலோ வேக் டைமர்ஸ். பேட்டரியில் இருக்கும்போது டிஸேபிள் என்று வையுங்கள்.

மூடாமலே தானாக ஸ்லீப்புக்குப் போக மறுக்கிற லேப்டாப் என்றால் பவர்சிஎஃப்ஜியோடு ரிக்வெஸ்ட்ஸ் சேர்த்துப் பாருங்கள். பாட்டு நிறுத்தி வைத்த பிரவுசர் டேப், டோரன்ட், விர்ச்சுவல் மெஷின், மீட்டிங் ஆப், இவற்றில் ஏதோ ஒன்று "நான் இன்னும் வேலையில் இருக்கிறேன், தூங்காதே" என்று கேட்டுக்கொண்டிருப்பது அங்கே தெரியும்.

ஹைபர்னேட்: நான் எல்லாருக்கும் சொல்வது

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் மாடர்ன் ஸ்டாண்ட்பை ஒரு நாள் ஒழுங்காகவும் ஒரு நாள் ஏமாற்றியும் நடந்துகொண்டால், அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஹைபர்னேட்டுக்கு மாறுங்கள். ராமில் இருப்பதை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு லேப்டாப் முழுசாக அணைந்துவிடும், திறந்திருந்த ஃபைல்கள் எல்லாம் விட்ட இடத்திலேயே திரும்ப வரும். எஸ்எஸ்டி இருந்தால் எழுந்துவரச் சில விநாடிகள் கூடுதலாக ஆகும். பையில் சுடாது, ராத்திரி வடியாது, ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தாலும் சார்ஜ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் திறக்கப்போவதில்லை என்றால் ஹைபர்னேட், டீ குடித்துவிட்டு வருவதற்கு ஸ்லீப், இதுதான் என் கணக்கு.

ஸ்டார்ட் மெனுவின் பவர் பட்டனில் ஹைபர்னேட் பல லேப்டாப்களில் காணப்படாது. அட்மினிஸ்ட்ரேட்டர் கறுப்புப் பெட்டியில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், ஹைபர்னேட், இடைவெளி, ஆன் என்று கொடுங்கள். அதன் பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடது பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்பதைத் திறந்து, மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரென்ட்லி அன்அவைலபிள்' என்ற வரியைத் தட்டினால் கீழே ஹைபர்னேட்டுக்கு டிக் போட முடியும். அதே பக்கத்திலேயே மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடமும் இருக்கிறது: பேட்டரி பத்தியில் ஹைபர்னேட், சார்ஜர் பத்தியில் ஸ்லீப் என்று வைத்துவிடுங்கள். நேரம் வைத்தும் செய்யலாம், முதலில் ஸ்லீப், அரை மணி நேரம் கழித்துத் தானாக ஹைபர்னேட் என்று. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் திரை, ஸ்லீப், ஹைபர்னேட் நேரங்கள் ஒன்றாக இருக்கின்றன. மாடர்ன் ஸ்டாண்ட்பையில் ஸ்லீப்புக்கு இவ்வளவு சார்ஜ்தான் என்று விண்டோஸே ஒரு வரம்பு வைத்து, தாண்டினால் ஹைபர்னேட்டுக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு, ஆனால் அதை நம்பிப் பையில் போட எனக்கு மனம் வராது, நேரத்தை நானே வைத்துவிடுவேன்.

"தினமும் ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஹைபர்னேட் ஃபைல் வழக்கமாக ராமில் 40 சதவீதம், அதாவது சுமார் 6.4 ஜிபி. தினமும் ஒருமுறை அது முழுசாக எழுதப்பட்டாலும் வருஷத்துக்கு 2.3 டெராபைட் அளவுதான். 512 ஜிபி எஸ்எஸ்டிக்குக் கம்பெனிகள் பொதுவாக நூறு டெராபைட்டுக்கு மேல் எழுதலாம் என்று குறிப்பிடுகின்றன. லேப்டாப் அதற்கு முன்பே பழசாகிவிடும். சி டிரைவில் இடமே இல்லை என்றால்தான் இதை யோசிக்க வேண்டும்.

இணையத்தில் இன்னொரு வைத்தியம் சுற்றுகிறது, விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து மாடர்ன் ஸ்டாண்ட்பையை அணைத்து எஸ்3க்குத் திரும்புவது. ஃபர்ம்வேரில் எஸ்3 இருக்கும் லேப்டாப்பில் மட்டும்தான் அது பலிக்கும். இல்லாத லேப்டாப்பில் செய்தால் ஸ்லீப் என்ற வசதியே மெனுவிலிருந்து காணாமல் போய்விடும். நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. லெனோவோவின் சில திங்க்பேட் மாடல்களில் பயாஸிலேயே ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு தேர்வு இருக்கும், லினக்ஸ் என்பது எஸ்3. 2018ல் வந்த எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறைக்கு முதலில் அது இல்லாமல் இருந்து பிறகு பயாஸ் அப்டேட்டில் வந்தது. உங்கள் பயாஸில் அப்படி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அது கம்பெனியே கொடுத்த வழி.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் இதில் பாதி செட்டிங் பூட்டியிருக்கும். ஐடி ஆட்களிடம் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையைக் கொடுத்து மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள், குறுக்கு வழியில் பாலிசியை உடைக்காதீர்கள்.

ஷட்டவுனிலும் இறங்கினால்

முதல் சந்தேகம் யூஎஸ்பி. அணைந்திருக்கும்போதும் போனுக்குச் சார்ஜ் கொடுக்கிற போர்ட் பல லேப்டாப்களில் உண்டு, சில கம்பெனிகள் அதை ஆல்வேஸ் ஆன் யூஎஸ்பி என்றும் சில பவர்ஷேர் என்றும் பயாஸில் வைத்திருக்கும். அதை அணையுங்கள். நெட்வொர்க் வழியாக லேப்டாப்பை எழுப்பும் வேக் ஆன் லேன் இருந்தால் அதையும். பிறகு லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள், உள்ளே மின்சாரத்தைக் கவனிக்கும் சின்னக் கண்ட்ரோலர் குழம்பியிருந்தால் பல மாடல்களில் இது அதை மறுபடி தொடங்க வைக்கும்.

அப்புறம் பேட்டரி உண்மையிலேயே கிழடா என்று பாருங்கள். பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட். அந்த அறிக்கையில் டிசைன் கெபாசிட்டி என்பது புதிதில் இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்று முழுசாக ஏற்றினால் பிடிக்கும் அளவு. 50,000 எம்டபிள்யூஎச் (மில்லிவாட்-அவர்) இருந்த இடத்தில் இன்று 27,000 என்றால் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது; ஒரே அளவு மின்சாரம் கசிந்தாலும் சதவீதக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். நாற்பதில் இருந்து திடீரென்று ஐந்துக்கு விழுவது, அல்லது நாற்பது காட்டும்போதே அணைந்துவிடுவது, இவை பேட்டரி கிழடானதற்கான அடையாளம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாக மூடவில்லை என்றாலோ பேட்டரி உப்பியிருக்கலாம், அப்படியென்றால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். சூடான பைக்குள் முழுச் சார்ஜோடு அடைபட்டுக் கிடப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகவே ஆகாது, வெயில் காலத்தில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைப்பதும் அப்படித்தான்.

மேக், லினக்ஸ்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பேட்டரி, ஆப்ஷன்ஸ் என்று போய் 'வேக் ஃபார் நெட்வொர்க் அக்சஸ்' என்பதை நெவர் அல்லது சார்ஜரில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள், பலருக்கு இதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் டெர்மினலில் பிஎம்செட், இடைவெளி, ஹைஃபன் ஜி, இடைவெளி, அசர்ஷன்ஸ் என்று அடித்தால் எந்த ப்ரோகிராம் தூக்கத்தைத் தடுக்கிறது என்று பெயரோடு வரும். அசர்ஷன்ஸுக்குப் பதிலாக லாக் என்று கொடுத்தால் எப்போதெல்லாம் விழித்தது என்ற நீண்ட பட்டியல் கிடைக்கும்.

லினக்ஸில் சிஸ் ஃபோல்டருக்குள் பவர் ஃபோல்டரில் மெம்_ஸ்லீப் என்ற ஃபைலைப் படித்துப் பாருங்கள். எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டு சொல்லில் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுதான் நடப்பில் இருக்கிறது. டீப் என்பது எஸ்3. அது பட்டியலில் இருந்தும் தேர்வாகவில்லை என்றால், கெர்னல் துவக்க வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட் சமம் டீப் என்று சேர்த்துவிடலாம். பட்டியலிலேயே இல்லை என்றால் சிஸ்டம்டியில் இருக்கும் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்தான் கைகொடுக்கும், அதற்கு ஸ்வாப் இடம் போதுமான அளவு வேண்டும், செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் ஹைபர்னேட் தடைபடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டி வந்தால்

"சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார்கள், அல்லது பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். போகும்போது மூன்று ராத்திரி குறித்த எண்கள், பேட்டரி ரிப்போர்ட், ஸ்லீப் ஸ்டடி அறிக்கை மூன்றையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய், எந்த பயாஸ் பதிப்பு ஓடுகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். முழு ஷட்டவுனில் ஒரு ராத்திரிக்கு இத்தனை சதவீதம் போகிறது என்று அளந்த எண்ணோடு சொன்னால் மதர்போர்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் அவர்களால் திருப்பி அனுப்ப முடியாது. வாரண்டி இருந்தால் ஜாப் ஷீட்டில் அந்த எண்ணையே புகாராக எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். டேட்டாவை முந்தின நாளே பேக்கப் எடுத்துவிடுங்கள்.